போட்டு எறங்கிச்சா?

போன சனிக்கிழமை கஸ்தூரி என் வீட்டு வாசலில் மீன் கூடையை இறக்கினாள். குரலே கொடுக்கவில்லை. வழக்கமாகத் தெருமுனையிலேயே “சங்கரா கீது, நெத்திலி கீது” என்று நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கூவுகிறவள். சதுரங்கப்பட்டினத்தில் மீன் எடுத்து, பஸ் பிடித்து, செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு எட்டு வருடமாக வருகிறாள். சத்தமில்லாமல் வந்தது இதுதான் முதல் தடவை.

“என்னாச்சு கஸ்தூரி?”

“யக்கா... சண்டை வராதுன்னு பேப்பர்ல எழுதினியே. அது நெசந்தானா?”

எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் எழுத்து சதுரங்கப்பட்டினம் கரை வரைக்கும் போயிருக்கிறதே!

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில் நான் எழுதியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வளைகுடாப் பக்கம் ஒரு தலைவர் தினமும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எதிர்க்கரை நாட்டைச் சாம்பலாக்கப் போவதாக முழங்குகிறாரே... அவரைப் பற்றித்தான். உள்ளூரில் செல்வாக்கு சரிந்தால் தலைவர்களுக்கு வெளியூர் எதிரி தேவைப்படுகிறான், இது வெறும் வாய்ச்சவடால், குரைக்கிற நாய் கடிக்காது என்று அடித்து எழுதியிருந்தேன். “தெளிவா சொன்னீங்க மேடம், நிம்மதியா இருக்கு” என்று வாட்ஸ்அப்பில் பாராட்டுகூட வந்தது.

நிம்மதி! அதைக் கொடுப்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

கஸ்தூரி படியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். அவள் கணவர் ஏழுமலை வளைகுடாவில் மீன்பிடி லாஞ்சில் வேலை பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எந்தக் கரையில் என்று நான் கேட்டதே இல்லை. அந்தத் தலைவர் சாம்பலாக்கப் போவதாகச் சொல்கிற கரையில்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் அவரோடு வேலை பார்த்த இரண்டு பேர் பயந்துபோய் ஊருக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ஏழுமலையும் பையைக் கட்டிவிட்டு, “நானும் வந்துடட்டுமா?” என்று மனைவியைக் கேட்டிருக்கிறார்.

“எனக்கு இன்னா தெரியும்க்கா? எம் பொண்ணு ஒன் பேப்பரைப் படிச்சுக் காட்டிச்சு. அக்காவே சொல்லிகினு கீறாங்க, ஒண்ணியும் ஆவாது, நீ அங்கியே இருன்னு நாந்தான் சொல்லிட்டேன்.”

பெருமை வந்த வழியே ஓடிப்போனது. ஆழம் தெரியாமல் காலை விட்டது நான். ஆனால் தண்ணீரில் நிற்பது யாரோ ஒரு ஏழுமலை!

“இப்ப என்ன ஆச்சு? இன்னும் கத்திக்கிட்டுத்தானே இருக்காரு அந்த ஆளு?”

“அவன் கத்தினா கத்திகினு போறான். நான் அத்தக் கேக்கறதே இல்லியே. நான் டெய்லி எங்க வூட்டுக்காரர ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். இன்னிக்கு போட்டு எறங்கிச்சா? எறங்கிச்சின்னா சோறு எறங்கும் எனக்கு. ரெண்டு நாளா எறங்கலக்கா.”

போட் கடலில் இறங்காததற்கும் போருக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் புரியவில்லை. காற்று பலமாக இருக்கும், லீவு விட்டிருப்பார்கள் என்று ஏதோ சொன்னேன். கஸ்தூரி தலையை ஆட்டினாள்.

“காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. கடலு எண்ண மாதிரி கீதாம். எல்லாப் போட்டையும் இழுத்து மேல ஏத்திட்டாங்களாம்.”

அப்புறம் அவள் குப்பத்துக் கதை ஒன்றைச் சொன்னாள். சில வருடங்களுக்கு முன்னால் பக்கத்துக் குப்பத்தோடு வலைத் தகராறு. பத்து நாள் இரண்டு பக்கமும் மைக் கட்டித் திட்டிக்கொண்டார்கள். காது கூசும் வசவு. ஆனால் காலையில் இரண்டு குப்பத்து ஆண்களும் கடலுக்குப் போனார்கள், பெண்கள் ஒரே பஸ்ஸில் கூடையோடு போனார்கள். பதினோராம் நாள் மைக் சத்தம் இல்லை. அப்பாடா, ஓய்ந்தது என்று இவள் நினைத்தாளாம். வெளியே வந்து பார்த்தால், எதிர்க் குப்பத்தில் டிராக்டர் வைத்து எல்லாப் போட்டையும் ரோடு வரைக்கும் இழுத்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். புயலுக்குத்தான் அப்படி ஏற்றுவார்கள். அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம் இல்லை.

“சாயந்தரமே அடிதடி. எங்க கொழுந்தனாருக்கு மண்டையில ஒம்போது தையலு. அடிக்கப் போறவன் மொதல்ல தன் போட்டத்தான்க்கா பத்திரம் பண்ணுவான். எங்க வூட்டுக்காரர் கீற கரைல இவுங்க அடிக்கப் போறாங்களோ, அடி வாங்கப் போறாங்களோ... எதுவோ ஒண்ணு தெரிஞ்சிட்டுக் கீது.”

யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டிலும் இந்தக் கதைதான். என் கணவர் கத்துகிற வரைக்கும் நான் பயப்படுவதில்லை. கத்தலை நிறுத்திவிட்டு, தன் சட்டையைத் தானே அயர்ன் பண்ண ஆரம்பித்தால்தான் பயம். முப்பது வருடமாகத் தெரிந்த விஷயம். ஒரு நாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் எப்படி மறந்துபோனது?

அன்று சாயந்தரம் டிவி போட்டேன். ஆச்சரியம்! தலைவர் முழங்கவில்லை. மிருதுவாகப் பேசினார். பேச்சுவார்த்தைக்குக் கதவு திறந்திருக்கிறதாம். பதற்றம் தணிகிறது என்று எல்லாச் சேனலிலும் ஓடியது. எனக்கு உயிர் வந்தது. உடனே கஸ்தூரிக்குப் போன் போட்டேன்.

“கஸ்தூரி, நல்ல சேதி! அந்த ஆளு இன்னைக்குத் திட்டவே இல்ல. சமாதானம் பேசறாரு.”

“கத்தவே இல்லியா?” என்றாள்.

“இல்லியே...”

“அய்யோ” என்றாள். போன் கட் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. திங்கட்கிழமை காலையில் சதுரங்கப்பட்டினம் போனேன். அங்கே இருக்கிற பழைய கோட்டைக்குப் பின்னால், போட்டுகள் கரையேறுகிற இடத்தில் கஸ்தூரி மீனுக்காகக் காத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கணவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“யக்கா, வணக்கம்” என்றார் ஏழுமலை. இதற்கு முன் நான் கேட்டே இராத குரல். அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை.

பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறதாம். கேட்டால், எங்கேயும் போக வேண்டாம், பேச்சுவார்த்தை நடக்கிறது, இதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்று சொல்கிறாராம்.

“நீங்க எழுதினதத்தான்க்கா அவரும் சொல்றாரு” என்றார் ஏழுமலை, அப்பாவியாக.

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கஸ்தூரிதான் போனைப் பிடுங்கினாள்.

“யோவ், ஒன் மொதலாளி பசங்க எங்க கீறாங்க?”

“அவுங்கள நேத்தே கடல வுட்டு உள்ள, மலைப்பக்கம் சொந்தக்காரங்க வூட்டுக்கு அனுப்பிட்டாரு.”

“அத்தச் சொல்லிக் கேளுய்யா பாஸ்போர்ட்ட! ஒன் புள்ளைங்கள எதுக்குய்யா அனுப்சேன்னு மூஞ்சிக்கு நேரா கேளு!”

சுற்றி நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். போட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏலத்துக்குப் போய்விட்டாள். மீன் எடுத்தால்தானே அன்றைக்குப் பிழைப்பு ஓடும்?

நானும்தான் எத்தனை பத்திரிகை படிக்கிறேன், எத்தனை நிபுணர்கள் பேசக் கேட்கிறேன். தலைவர் எந்த வார்த்தையைச் சொன்னார், போன வாரத்தைவிடக் காரம் கூடியதா, குறைந்ததா என்று அலசுகிறோம். கஸ்தூரி அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. வாய் எதையும் பேசும், எதையும் மறைக்கும். பிள்ளைகளை எங்கே அனுப்புகிறார்கள், போட்டை எங்கே ஏற்றுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், என் பத்தியை நம்பி ஒரே ஒரு தடவை தன் புத்தியைத் தள்ளி வைத்தாள். அச்சில் வந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள். அந்தப் பழி என்னுடையது.

நேற்று, செவ்வாய்க்கிழமை, கஸ்தூரி போன் பண்ணினாள். ஏழுமலை கேட்டே விட்டாராம். முதலாளி பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாராம். ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அதைக் கேட்டதும் சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்குப் பயம்தான் கூடியது.

டிக்கெட் வெள்ளிக்கிழமைக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதற்கு முன்னால் எல்லா விமானமும் ஃபுல். ஊரே கிளம்பிக்கொண்டிருக்கிறது போல. அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? விமானங்களை நிறுத்திவிட்டால்?

“தப்பா எழுதிட்டேன் கஸ்தூரி” என்றேன். “மன்னிச்சுடு.”

“அத்த வுடுக்கா. சனிக்கெழம வரேன். வஞ்சிரம் கெடச்சா எடுத்தாரேன்” என்றாள்.

இதை நான் எழுதுவது புதன்கிழமை. மத்தியானத்துக்குள் அனுப்பியாக வேண்டும். நீங்கள் படிப்பது ஞாயிற்றுக்கிழமை. காபியும் கையுமாக உட்கார்ந்திருப்பீர்கள். எப்போதும் நான்தான் உங்களுக்கு ஏதாவது சொல்வேன். இந்த வாரம் எனக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும்.

சொல்லுங்களேன்... வெள்ளிக்கிழமை பிளேன் ஏறிச்சா?