மலாக்கா டைம்ஷேர் கூட்டமும் என் மகளின் பெயரும்

மெர்டேக்கா சுதந்திர தின நீண்ட விடுமுறையில் மலாக்காவுக்குப் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தோம். அறை இலவசம். இலவசம் என்றதும் வாயைப் பிளக்காதீர்கள். இரண்டாம் நாள் காலையில் 'ஓனர்களுக்கான சிறப்பு விளக்கக் கூட்டம்' என்ற ஒன்றில் தொண்ணூறு நிமிடம் உட்கார வேண்டும் என்பது நிபந்தனை. டைம்ஷேர் வைத்திருக்கும் வாசகர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள்.

வைத்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தொகையை மொத்தமாகக் கட்டினால், ஒப்பந்தக் காலம் முடியும்வரை ஆண்டுக்கு ஒரு வாரம் அந்த நிறுவனத்தின் ரிசார்ட்டுகளில் தங்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதற்கு மேல் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் ஒன்று உண்டு. தங்கினாலும் கட்டவேண்டும், தங்காவிட்டாலும் கட்டவேண்டும். ஏறுமே தவிர இறங்கியதாக எனக்கு நினைவில்லை. எங்கள் மகள் யாழினி ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில், ஒரு பேரங்காடியில் பலூன் கொடுத்து எங்களை உட்காரவைத்து விற்றார்கள். வாங்கினோம். போர்ட் டிக்சன், கேமரன் மலை, பினாங்கு என்று அனுபவிக்கவும் செய்தோம், அதை நான் மறுக்கவில்லை.

இந்த முறை அழைத்தவர்கள் புதிதாக ஒன்றைச் சொன்னார்கள். எங்கள் ஒப்பந்தத்தை, வாரத்துக்குப் பதில் புள்ளிகளைச் செலவழித்துத் தங்கும் 'புள்ளித் திட்டத்துக்கு' மாற்றிக்கொண்டால் காலம் இன்னும் நீளுமாம். அப்படி நீட்டுவதற்குப் பிள்ளையின் பெயரையும் சேர்க்க வேண்டுமாம். நான் போனிலேயே சீறினேன். ஆனால் என் வீட்டுக்காரர் அன்று இரவு யாழினியிடம் அவளுடைய ஐ.சி. என்னும் அடையாள அட்டை நம்பரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்டதற்கு, "சும்மாதான், இருக்கட்டும்" என்றார். அவர் 'இருக்கட்டும்' என்றால் ஏதோ நடக்கப் போகிறது என்று பொருள். ஆக, நான் மலாக்காவுக்குக் கிளம்பியது ஊர் சுற்ற மட்டுமல்ல. இப்போதுதான் வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கும் என் பிள்ளையின் பெயர் அந்தத் தாளில் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும்தான்.

காலை ஏழு மணிக்குக் கிள்ளானிலிருந்து புறப்பட்டோம். சுமார் நூற்று அறுபது கிலோமீட்டர். சாதாரண நாளில் இரண்டு மணி நேரம் போதும். விடுமுறை நாள் என்பதால் செனவாங்கில் வண்டிகள் நகரவே இல்லை. ஆயர் கெரோ டோலைத் தாண்டும்போது பத்தரை. டோலுக்கு இருபது வெள்ளிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. அங்கிருந்து புக்கிட் பாரு வழியாகப் பட்டணத்துக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு, காருக்குக் கார் தேசியக் கொடி. எங்கள் ரிசார்ட் காஜா பெராங் பக்கம், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு உயரமான கட்டடம். கடல் தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். பால்கனியின் ஓரத்தில் நின்று கழுத்தை வளைத்தால் தெரியும்தான்.

அறை நன்றாக இருந்தது. இரண்டு படுக்கை அறை, சின்னச் சமையலறை, இரண்டு அடுப்பு. அனுபவப்பட்டவள் என்பதால் ரைஸ் குக்கர், சம்பல், டின் சார்டின் எல்லாம் கொண்டு போயிருந்தேன். விடுமுறை நாளில் மலாக்காவில் ஒரு சாப்பாட்டு மேசைக்காக வரிசையில் நிற்பதைவிட அறையிலேயே ஆக்கிச் சாப்பிடுவது எவ்வளவோ மேல். சாயங்காலம் ஆற்றங்கரையில் நடந்தோம். நல்ல கூட்டம். தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்பான சென்டோல் ஒரு கிண்ணம் ஆறு வெள்ளி. அநியாயம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம். பெரிய மண்டபத்தில் வட்ட மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு குடும்பம், ஒரு விற்பனையாளர், ஒரு தட்டு கறிபாப் பலகாரம். எங்கள் மேசைக்கு வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். நெற்றியில் பொட்டு, கழுத்தில் மெல்லிய சங்கிலி, சட்டையில் 'அம்பிகா பிள்ளை' என்ற பெயர் அட்டை. அதைப் படித்ததும் நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நம்மவர்களுக்கு இது தெரிந்த பழக்கம்தான். விற்பவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருந்தால் அவர் எதிரிலேயே கூசாமல் தமிழில் கலந்து பேசிக்கொள்வோம். 'விலை ஜாஸ்தி, எழுந்திரி' என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொள்ளலாம். முன்பு ஒரு கூட்டத்தில் அப்படித்தான் "வவுச்சர வாங்கிட்டுக் கம்பி நீட்டிறலாம்" என்று நான் சொல்ல, "கம்பி நீட்டலாம் அக்கா, மொதல்ல தண்ணி குடிங்க" என்று தமிழில் பதில் வந்தது. அன்று பட்ட வெட்கத்துக்குப் பிறகு, முதலில் பெயர் அட்டையைப் படிப்பது, பிறகு பேசுவது என்று வைத்திருக்கிறோம்.

அதனால் ஒரு மணி நேரம் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். அம்பிகா மலாயும் ஆங்கிலமும் கலந்து அழகாகப் பேசினாள். இந்த நிறுவனங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் விளக்கம் கொடுக்கும் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. படம் காட்டினாள். பாலித் தீவு, தாய்லாந்து, கோல்ட் கோஸ்ட். "அங்கல், இது உங்களோட நிக்காது, பிள்ளைக்கும் போகும்" என்று மலாயில் சொன்னபோது என் வீட்டுக்காரரின் முகம் மாறியது. அவர் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அடுத்த ஆண்டு ஓய்வு. நாங்கள் இருப்பது வாடகை ஃபிளாட். பிள்ளைக்குப் போகும் என்ற சொல் அவரை எங்கே தொடும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அந்தத் தொழில் தெரிந்தே அங்கே கையை வைக்கிறது.

மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலைத் தள்ளி வைத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஐ.சி. நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

இனி மரியாதை பார்த்துப் பயனில்லை என்று அம்பிகாவிடமே தமிழில் கேட்டேன். "ஏம்மா, உங்கப்பா உன்னக் கேக்காம இந்த மாதிரி ஒண்ண உன் தலையில கட்டினா நீ சந்தோஷப்படுவியா?"

அவள் விழித்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"மாஃப், ஆன்ட்டி. சாயா செட்டி. தமிழ் தா தாவு" என்றாள். மன்னிக்கச் சொல்லி, தான் செட்டி, தமிழ் தெரியாது என்று சொல்கிறாள்.

வீடு காஜா பெராங்கிலேயே கம்போங் செட்டியில்தானாம். வணிகம் செய்ய வந்து, பல தலைமுறைக்கு முன்பே இங்கே தங்கிவிட்டவர்களின் வழி வந்தவர்கள் மலாக்காச் செட்டிகள். சாமி, பொட்டு, பெயர் எல்லாம் நம்முடையது. வீட்டில் பேசுவது தமிழ்ச் சொற்கள் சில கலந்த ஒருவகை மலாய். இதை நான் எப்போதோ கேள்விப்பட்டும் இருக்கிறேன். ஆனால் பெயர் அட்டையைப் பார்த்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஒரு மணி நேரம் என் வாயைக் கட்டிப்போட்டது வெறும் அட்டை!

என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். நான் பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துகிறவள். இடைவேளை மணி அடித்தால் இருநூறு பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டிய குரல் என்னுடையது. அது அப்படியே வெளியே வந்தது.

"போன உள்ள வைங்க. வைங்கன்னு சொல்றேன்ல!"

"கமலா, மெதுவா."

"யாருக்குப் புரியப் போவுது? நல்லாவே பேசுவேன். அவ சம்பாரிக்கிறதே இப்பதான். அதுக்குள்ள வருஷா வருஷம் கட்டுன்னு ஒண்ண அவளுக்கு எழுதி வைக்கப் போறீங்களா?"

அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார், "என் பேர்ல ஒரு செவுரு கூட இல்ல கமலா. அவளுக்குன்னு நான் எத விட்டுட்டுப் போறது?"

இத்தனை வருஷத்தில் இதை அவர் சொல்லிக் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை.

"எதையும் விடாமப் போங்க. நீங்க இல்லாத காலத்துல பில்லு வரும். வரும்போதெல்லாம் அவ உங்கள நெனைப்பா. எப்படி நெனைப்பா? 'எங்கப்பா ஏன் இப்படிப் பண்ணிட்டாரு'ன்னு நெனைப்பா. என் புருஷன அப்படி ஒருத்தி நெனைக்க நான் விடமாட்டேன். அது என் மவளாவே இருந்தாலும் விடமாட்டேன்!"

மூச்சு வாங்க நிறுத்தினேன். அப்போது பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல்.

"அக்கா, நிறுத்தாதீங்க. பேசுங்க."

துடோங் என்ற தலைத்துணி அணிந்த இளம் பெண். பக்கத்தில் கணவர், தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தை. துடோங்கைப் பார்த்து மலாய்க் குடும்பம் என்று முடிவு கட்டியிருந்தேன். தமிழ் முஸ்லிம்கள். பட்டணத்தில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பமாம். அவருடைய கணவர் பேனாவை மூடி, அவர்களுடைய விற்பனையாளரின் பக்கமாக உருட்டிவிட்டார். "நாங்களும் இந்தப் பிள்ள பேரத்தான் எழுதப் போனோம்" என்றார் அந்தப் பெண். அட்டையைப் பார்த்து ஏமாந்தேன், துணியைப் பார்த்தும் ஏமாந்தேன். ஒரே காலையில் இரண்டு. ஆனால் இரண்டாவது தவறுக்காக நான் துளியும் வருந்தவில்லை.

சத்தம் கேட்டு டை கட்டிய மேலாளர் வந்தார். உட்காரும்போதே விலை பாதியாகக் குறைந்தது. இன்றைக்கு மட்டும்தானாம், நாளைக்குக் கேட்டால் கிடைக்காதாம். நான் வாயைத் திறக்கப் போனேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"தா மாவு" என்றார். வேண்டாம்.

சாப்பாட்டுக் கடையில் டிஷ்யூ விற்க வருபவரைக்கூட வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத மனிதர் அவர். மேலாளர் சிரித்துக்கொண்டே வேறு ஒரு கணக்கைக் காட்டினார். "தா மாவு." மேலாளர் மூன்றாவது தாளை எடுத்தார். இவர் எழுந்து நின்று, அந்த மனிதருக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா என்ற கவலையே இல்லாமல் சொன்னார், "எங்களோட முடியட்டும் சார். பிள்ள பேர விட்டுருங்க." மேலாளருக்கு நன்றாகவே புரிந்தது. தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டத்துக்கு வந்ததற்குத் தரும் பேரங்காடி வவுச்சரை வாசல்வரை வந்து கொடுத்தவள் அம்பிகாதான். "ஆன்ட்டி பேசினது ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியலை" என்றாள் மலாயில். "ஆனா எங்கம்மா எங்கப்பாவைத் திட்டும்போது இதே சத்தம்தான் வரும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளை அனுப்பியவர்கள் மேல்தான். சாயங்காலம் கம்போங் செட்டியைப் போய்ப் பாருங்கள் என்று வழியும் சொன்னாள்.

போனோம். ரிசார்ட்டிலிருந்து நடந்தே போகும் தூரம்தான். நுழைவு வளைவைத் தாண்டினால் ஓட்டு வீடுகள், இடையிடையே குடும்பக் கோயில்கள். மொத்தமே சில நூறு பேர்தான் இருக்கிறார்களாம். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே தொலைக்காட்சியில் மலாய்ச் செய்தி. மலாய்ப் பாணி கெபாயா உடுத்திய ஒரு அம்மா, "மாசோக், மாசோக்" என்று எங்களைக் கோயிலுக்குள் அழைத்துத் திருநீறு கொடுத்தார். நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே போகும் முன் செருப்பைக் கழற்றுங்கள், வீடுகளைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். அங்கே போய், ஏன் தமிழ் பேசுவதில்லை என்று யாரையும் விசாரிக்காதீர்கள். அவர்கள் யார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இனி, கூட்டத்துக்குப் போகத் துணிந்தவர்களுக்கு. காலை உணவை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பசியோடு இருந்தால் எதற்கும் சரி என்று தலை ஆடிவிடும். சொன்ன தொண்ணூறு நிமிடம் முடிந்ததும் எழுந்துவிடுங்கள், எங்களை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். இன்றைக்கு மட்டும் என்று யார் சொன்னாலும் அது எனக்கான சலுகை இல்லை என்று முடிவு செய்யுங்கள். கணவன் மனைவி பேச வேண்டியதை வீட்டிலேயே பேசி முடியுங்கள். நாங்கள் முடிக்காததால்தான் மண்டபத்தில் முடிக்க வேண்டி வந்தது. அப்படியும் மீதி இருந்தால் அங்கேயே உரக்கப் பேசுங்கள், வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை. உங்கள் பெயரில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். பிள்ளையின் பெயரை எழுத நமக்கு உரிமை இல்லை.

மறுநாள் மதியம் வீடு திரும்பினோம். யாழினி மேகி கிண்டிவைத்திருந்தாள். சாப்பிடும்போது அவள் அப்பாவே எல்லாவற்றையும் சொன்னார், எதையும் மறைக்கவில்லை. உனக்கென்று அப்பா ஒன்றும் வாங்கவில்லை என்று முடித்தார்.

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நல்லவேள. எனக்கு அந்த ரிசார்ட்டுங்களே பிடிக்காதுப்பா. நீச்சல் குளத்து மருந்து வாடைக்கு எனக்குத் தலவலி வரும். சின்னப் பிள்ளையிலேர்ந்தே."

"அப்பறம் ஏன்டி வருஷா வருஷம் வந்த?" என்றேன் நான்.

"லீவுன்னா அப்பா வீட்டுல இருந்ததே இல்லம்மா, ஓவர்டைம் போயிருவாரு. அந்த ஒரு வாரம் மட்டும்தான் நாள் முழுக்க எங்கூட இருந்தாரு."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்க் குழாயைத் திறந்தார். ஒரே ஒரு தட்டுதான், கழுவி முடிக்க வெகுநேரம் ஆனது. நான் ரிசார்ட்டுக்குப் போன் போட்டு, அடுத்த வருஷத்திலிருந்து நாங்கள் இருவர் மட்டும்தான், ஒரு படுக்கை அறை போதும் என்று சொன்னேன்.