பிரேமகுமாரியின் கய்யாலை

பிரேமகுமாரியைத் திமிர் பிடித்தவள் என்று எங்கள் ஊரில் சொல்லாத ஆள் இல்லை. சொல்லட்டும். பதினோரு வருடமாக அவளோடு தொழிலுறப்பு என்கிற நூறுநாள் வேலையில் மண்வெட்டி பிடிக்கிறவள் நான். அவள் திமிர் என்ன விலைபோகும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து வீடெல்லாம் விளை என்கிற மேடும் பள்ளமுமான தோட்டமனைகளில்தான். மேல்விளை மண் கீழே சரியாமல் தாங்குகிற சுவருக்குக் கய்யாலை என்று பேர். அது மேல்விளைக்காரருக்குச் சொந்தம், கட்டுவதும் அவர் பொறுப்பு. பாறசாலையிலிருந்து காரக்கோணம் வரைக்கும் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பிரேமகுமாரி மேலே, சுந்தரதாஸ் கீழே. கார் நிறுத்த இடம் பற்றவில்லை என்று அந்த மனிதர் அவளுடைய மண்கய்யாலையின் அடியை வருடத்துக்கு ஒரு சாணாக அரிந்துகொண்டே வந்தார். ஆனி மழையில் அது மொத்தமாகச் சரிந்தது. மண் இப்போது நிற்கிற இடத்திலிருந்து புதுச் சுவர் கட்டிக்கொள் என்றார் அவர். அதாவது, நாலடி விளை அவருக்குப் போகவேண்டும். என்ன நியாயம் பாருங்கள்!

அவள் புருஷன் ஜஸ்டஸ் பனச்சமூட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். சண்டை என்றால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. விட்டுக்கொடுத்துவிடலாம் என்றார். சுந்தரதாஸ் சர்ச்சுச் சபைக் கமிட்டி ஆள், அவரைப் பகைக்கப் பயந்து கொத்தனார் ஒருத்தரும் வரவில்லை. பிரேமகுமாரி பழைய எல்லைக்கல்லில் நூலைக் கட்டி, அஸ்திவாரக் குழியைத் தானே வெட்டினாள். நான் கலவை குழைத்தேன். வரிக்கு வரி தூக்குக்குண்டு பிடித்துச் சிமெண்ட் கட்டை அடுக்கினாள். இருபது நாளில் சுவர் நெஞ்சுயரம் வந்தது.

ஒரு தப்பு நடந்தது. மழைத் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை விடவேண்டும் என்று நான் சொன்னேன். எங்கள் பேச்சில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர்.

"எனக்க வெள்ளம்கூட அவருக்க முற்றத்துல விழப்பிடாது" என்றாள்.

ரோஷம் கண்ணை மறைத்துவிட்டது. எனக்கும் வயிற்றெரிச்சல்தானே, வாயை மூடிக்கொண்டேன். ஐப்பசி மழையில் பின்னால் தேங்கிய தண்ணீர் தள்ளித் தள்ளி, சுவர் நிறைமாதக்காரி வயிறு மாதிரி புடைத்தது.

சுந்தரதாஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்புறம் நல்லவர் மாதிரி வந்து, ரெண்டடி உள்ளே தள்ளிக் கட்டினால் கட்டையும் கொத்தனாரும் தன் செலவு என்றார். ஜஸ்டஸ் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கம்பிப்பாரையை எடுத்து, தான் கட்டிய சுவரைத் தானே மேலிருந்து இடிக்க ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடியும் அதே எல்லை, அதே நூல். இந்தத் தடவை அடியில் ஆறு பிவிசி குழாய் வைத்து, சுவருக்குப் பின்னால் சல்லி நிரப்பினாள். ஜஸ்டஸ் ஒரு வாரம் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கட்டை சுமந்தார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆறு குழாயும் சுந்தரதாஸின் முற்றத்தில் பீய்ச்சி அடித்தன. அவர் குடையோடு ஓடி வந்து, குழாயை அடை, இல்லையென்றால் பஞ்சாயத்துக்குப் போவேன் என்று கத்தினார். பிரேமகுமாரி சுவர்மேல் ரெண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். சுவர் இம்மியும் அசையவில்லை.

"மண்ணு எனக்குள்ளதாக்கும், அண்ணா" என்றாள். "வெள்ளம் வேணும்னா நீங்க வச்சுக்கிடுங்க."