திருவிழாவுக்கு முந்திய பயணம்

இல்லை. கனடாவுக்கு ஏறுவதற்காக லவீனா உதைபந்தாட்டத்தைச் சாட்டாகச் சொன்னாள் என்று யாழ்ப்பாணத்துக் குருநகரில் யார் சொன்னாலும் அது பொய். கனடாவுக்குப் போகிறவள் கென்யாவில் போய் ஏன் இறங்குகிறாள்? அங்கே ஒருவன் இருக்கிறானாம், அவன்தான் கூப்பிட்டானாம் என்ற கதையும் அப்படித்தான். இருந்தால் அவளே சொல்லியிருப்பாள். அவளுக்கு ஒளிக்க வராது. சும்மா இருக்கவும் வராது.

அடைக்கலநாதனின் கடைசி மகள் அவள். பூசையில் முழங்காலில் இருக்கும்போதும் ஒரு கால் பின்னால் ஆடிக்கொண்டே இருக்கும். தாய் றோஸ் கிள்ளுவாள். மற்றக் கால் ஆடும். வளர்ந்து முன்பள்ளியில் படிப்பித்தாள். பின்னேரமானால் கடற்கரை மைதானத்தில் பெடியன்களைச் சேர்த்துச் சுற்றுப்போட்டி வைத்தாள். கோடு போடச் சுண்ணாம்பு இல்லாத நாளில் தகப்பனின் பழைய வலைக்கயிற்றை இழுத்துக் கட்டினாள். அடிபாடு வந்தால் நடுவில் புகுந்து இரண்டு பக்கத்துக்கும் ஏசினாள். அதைப் பார்த்துத்தான் ஒரு தொண்டு அமைப்பு அவளைக் கேட்டது: கென்யாவில் ஒரு கடற்கரை ஊர், மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள், அவர்களுக்கு ஒரு சுற்றுப்போட்டி நடத்தித் தர வேண்டும். பயணமும் சாப்பாடும் தருவார்கள். சம்பளம் இல்லை.

ஊருக்குத் தொண்டையில் சிக்கியது அந்தக் கடைசிச் சொல்தான். பக்கத்து வீட்டுக்காரி யோசப்பீன், குழாயடியில் றோஸைப் பிடித்துக்கொண்டாள்.

"சம்பளம் இல்லாமல் ஆரடி பிளேன் ஏறுறது? எனக்கும் ஒளிக்கிறாய் என்ன."

"பெடியளுக்குப் பந்து விளையாட்டு நடத்தப் போறாள் அக்கா."

"ஏன், இஞ்சை பெடியள் இல்லையே?"

"இருக்கிறாங்கள். அவங்கடை பந்துதான் உங்கடை வீட்டுக்குள்ளை இருக்குது. மதில் தாண்டி விழுந்த ஒண்டையாவது திருப்பிக் குடுத்தனீங்களோ?"

யோசப்பீன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். கதை அவளுக்கு முன்னால் போனது.

அடைக்கலநாதன் முதலில் ஓம் என்றுதான் சொன்னார். பங்குத் திருவிழா முடிந்த பிறகுதானே பயணம். ஆனால் லவீனா ஒரு பிழை விட்டாள், குருநகரில் பிறந்தவர்கள் மட்டும் விடக்கூடிய பிழை. அங்கே நடத்த வேண்டிய எல்லாப் போட்டிகளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் குறித்தாள். இங்கே ஞாயிறு யாரும் தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிந்தால் ஊரே மைதானத்தில் நிற்கும். கடல் இருக்கிற ஊரெல்லாம் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

அங்குள்ள பொறுப்பாளர் போனில் சிரித்தார். அது முஸ்லிம்களின் ஊர். ஞாயிறு பெடியன்கள் தகப்பன்மாரோடு கடலில் நிற்பார்கள். கடலுக்குப் போகாத நாள் வெள்ளிதான், அதுவும் தொழுகை முடிந்த பிறகுதான் விளையாடலாம். முழுநாள் அரைநாளானது. பள்ளி விடுமுறைக்குள் முடிக்க இன்னும் பல வெள்ளிக்கிழமைகள் தேவைப்பட்டன. அப்படியென்றால் திருவிழாவுக்கு முன்பே அவள் புறப்பட வேண்டும்.

தகப்பன் பாதிச் சாப்பாட்டில் எழும்பினார். திருவிழாவில் புனிதரின் சுருவம் தூக்கித் தூக்கித் தோள் தடித்துப்போன மனிதர். போரில் இடம்பெயர்ந்திருந்த காலத்திலும் திருவிழா நாளில் பிள்ளைகளை ஒன்றாக முழங்காலில் வைத்தவர்.

"திருவிழா முடியாமல் படலை தாண்டினால், என்ரை கையாலை நெற்றியிலை சிலுவை போட்டு அனுப்பமாட்டன்."

அதற்குப் பிறகு அவர் மகளோடு கதைக்கவில்லை. லவீனா பெட்டியை அடுக்கினாள், கொட்டினாள், திரும்ப அடுக்கினாள். இறங்குதுறை வரை நடந்தாள், கோயில் வரை நடந்தாள், உள்ளே போகாமல் திரும்பினாள். போகமாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. தகப்பனிடம் சிலுவை வாங்காமல் போவேன் என்றும் சொல்லவில்லை.

புறப்படும் நாள் காலையில் கொடிக்கம்பத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஓட்டோ வாசலில் வந்து நின்றது. அடைக்கலநாதன் விறாந்தையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். லவீனா அவர் முன்னால் முழங்காலில் இருந்தாள்.

"எழும்படி. ஓட்டோக்காரன் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

"நிக்கட்டும்."

"பிளேன் நிக்குமோ?"

"நிக்காது. வெள்ளிக்கிழமை அந்தப் பெடியள் மைதானத்திலை வந்து நிப்பாங்கள் அப்பா. நான்தான் வரச் சொன்னனான்."

"திருவிழாவண்டைக்கு உன்ரை இடம் வெறுமையாய்க் கிடக்கும். அது தெரியுமே உனக்கு?"

"தெரியும்."

அவர் இன்னும் இரண்டு கண்ணி பொத்தினார். றோஸ் கதவடிக்கு வந்து நின்றாள். யோசப்பீன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இருக்கிறாளே பார், ஒரு கால் ஆடுது" என்றார் தகப்பன். ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, வலைநாற்றம் அடிக்கும் பெருவிரலால் அவள் நெற்றியில் சிலுவை போட்டார். கோபம் போகவில்லை, விரல் அழுத்திய இடம் சிவந்துபோனது.

லவீனா எழும்பினாள். பெட்டியை எடுத்தாள். மதிலடியில் நின்ற யோசப்பீனுக்கு, "போயிட்டு வாறன் மாமி" என்று சொல்லிவிட்டுப் படலையைத் தாண்டினாள்.