பத்தில் இரண்டு சிவப்பு

கல்லூரியில் அவருக்குச் சீட்டுக்கட்டு டீச்சர் என்று பெயர். புள்ளியியல் வகுப்புக்குப் புத்தகம் இல்லாமல் வந்தாலும் வருவார், சீட்டுக்கட்டு இல்லாமல் வரமாட்டார். முதலில் ஒரு வித்தை. சீட்டுகளை விசிறிபோல் விரித்து, "ஏதாவது ஒண்ணு எடு" என்பார். யார் எடுத்தாலும் அவர் முன்பே பலகையில் எழுதிவைத்த சீட்டுதான் வரும். வகுப்பு வாயைப் பிளக்கும். "வாய மூடுங்க, உங்கள ஏமாத்தினேன்" என்று சொல்லி, எடுக்க வரும் விரலுக்கு நேராக அந்த ஒரு சீட்டை எப்படித் தள்ளினார் என்று காட்டுவார். பிறகு கட்டைக் கலைத்து மேசையில் கவிழ்த்துப் பரப்பிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "இப்ப எடுங்க. என்ன வருதோ எழுதுங்க." மணி அடிக்கும்வரை எடுத்து எடுத்து எழுதுவார்கள். நிகழ்தகவு இந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது என்பார். இதைச் சூதாட்ட வகுப்பு என்று கேலி பேசிய சக ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் வகுப்பில் பிள்ளைகள் குறட்டை விட்டதை நாம் கிளறுவானேன்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் டீச்சர் சீட்டை எடுத்தால், "காலேஜ காலேஜோட விட்டுட்டு வாம்மா" என்று கும்பிடு போட்டுவிடுவார். அந்த வித்தையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

கணவருக்கு ரத்தத்தில் நோய் வந்தது. முதல் சிகிச்சை பலிக்கவில்லை. பெரிய டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இன்னொரு மருந்து இருக்கு. பத்துப் பேருக்குக் குடுத்தா ரெண்டு பேர் பிழைக்கலாம். ஆனா ஆளப் பாடாப் படுத்திடும். வேண்டாம்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வலி இல்லாம பாத்துக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

கணவருக்கு வீட்டுக்குப் போகத்தான் ஆசை. "நம்ம கட்டில்ல படுத்தாப் போதும் எனக்கு" என்றார். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்து, "பத்துல ரெண்டுன்னா என்ன கணக்கு அது? லிஃப்ட் பத்துல ரெண்டு தடவதான் மேல போகும்னா எவன் ஏறுவான்? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறே, எனக்கும் புரியற மாதிரி காட்டு" என்றார்.

டீச்சர் பையைத் திறந்தார். எட்டுக் கறுப்பு, இரண்டு சிவப்பு. கணவர் கண்ணெதிரே எண்ணிக் காட்டிக் கலைத்து, விசிறிபோல் விரித்தார். உள்ளதை உள்ளபடி காட்டத்தான் நினைத்தார், சத்தியமாக. ஆனால் ஊசி குத்திக் குத்தி வீங்கிய அந்த விரல் சீட்டை நோக்கி வந்தபோது, டீச்சரின் கட்டைவிரல் பழக்கப்பட்ட வேலையைச் செய்துவிட்டது.

சிவப்பு.

கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, ஏறித்தான் பாத்துடுவோமே" என்றார்.

அப்போதே சீட்டுகளைப் போர்வைமேல் பரப்பிவிட்டுக் கையைக் கட்டியிருக்க வேண்டும். கறுப்பு, கறுப்பு, மறுபடி கறுப்பு என்று நாலுதரம் எடுத்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். வகுப்பில் ஒருநாளும் விடாத இரண்டாம் பாதியை டீச்சர் அன்று விட்டுவிட்டார். சீட்டுகளைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். மனுஷன் உயிரோடு வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

மருந்து ஏறியது. வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்கவில்லை. தொற்று வரக்கூடாதென்று கண்ணாடி அறையில் போட்டார்கள், தொட்டுப் பேசவும் வழியில்லை. ஒருநாள் கணவர் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினார். இந்த நிலையில் வெளியே எடுத்தால் வழியிலேயே உயிர் போய்விடும் என்று டாக்டர் கைவிரித்தார். கண்ணாடிக்கு இப்பால் டீச்சர் அழுவதைப் பார்த்து, இன்டர்காமில் கணவரே தேறுதல் சொன்னார்: "அழாதே. நான் செவப்பு எடுத்தவன்."

அந்த அறையிலேயே இறந்தார்.

காரியங்கள் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு நாத்தனார் மட்டும் தங்கினாள். அண்ணனின் வேலைச் சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நான் செவப்புச் சீட்டு எடுத்தவன்னு சொல்லிக்கிட்டே கடைசிவரைக்கும் அண்ணன் தைரியமா இருந்தாரு. அது நீங்க குடுத்த தைரியம் அண்ணி."

யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு. "ஏமாத்திட்டேன்" என்றார். "அந்தச் சீட்ட நான்தான் தள்ளினேன்."

நாத்தனார் மடிப்பதை நிறுத்தினாள். பிறகு அருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க அண்ணி. யாரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க. அவர் பிழைக்கணும்னுதானே செஞ்சீங்க."

டீச்சர் கையை மெல்ல உருவிக்கொண்டார். "அவர் வீட்டுக்கு வரணும்னு கேட்டாரு" என்றார். "நான் வரவிடல."