எண்ணெய்த் தலையோடு பார்த்த படம்

எங்கள் தெருவில் ஒரு படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது தென்காசியில் முடிவாவதில்லை, துபாயில் முடிவாகிறது. அங்கே பெரும்பாலும் வியாழக்கிழமை ராத்திரியே படம் வந்துவிடும். தெருவின் ஆண்களில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். வேலை முடிந்து சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் சட்னி அரைப்பதற்குள் வாய்ஸ் மெசேஜில் தீர்ப்பை அனுப்பிவிடுவார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் இங்கே டிக்கெட் எடுப்போம்.

தீர்ப்புகள் ஒத்துப்போகாது என்பதுதான் இதில் சுவாரசியம். என் வீட்டுக்காரருக்குப் படத்தில் நாலு பேராவது பறந்து விழவேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இடைவேளைக்குள் ஒரு தடவையாவது கண் கலங்கவேண்டும். இருவரும் ஒரே கம்பெனியில் கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறார்கள், ஒரே தியேட்டருக்குத்தான் போகிறார்கள், ஆனால் வேறு வேறு படம் பார்த்தவர்கள் மாதிரி பேசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் நானும் அவரவர் புருஷன் கட்சியில் நின்று, மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டிச் சண்டை போடுவோம்.

எனக்கென்று ஒரு கணக்கும் உண்டு. அவர் 'சூப்பர்' என்றால் கொஞ்சம் பயப்படுவேன். ஆகா ஓகோ என்று வந்த படங்களில் பாதி என்னைத் தூங்க வைத்திருக்கின்றன. 'சுமார்' என்றால் நல்ல சேலையாக எடுத்து உடுத்திக்கொண்டு கிளம்புவேன். அவர் காறித் துப்பிய ஒரு பேய்ப் படத்தில், வீட்டில் குடியிருக்கும் பேய் ராத்திரி எழுந்து, காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குச் சோறு கட்டி வைக்கும். ஒரு வாரம் அடுப்படியில் நின்று அதை நினைத்துச் சிரித்தேன். ஒன்றும் கிடைக்காது என்று போய் உட்கார்ந்த இடத்தில் ஏதோ ஒன்று கிடைக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது.

போன குற்றால சீசனில் வந்த ஒரு படத்துக்கு மட்டும் அதிசயமாக எல்லா வீட்டுக்கும் ஒரே தீர்ப்பு வந்தது. மொக்கை, பாட்டும் கிடையாது, சண்டையும் கிடையாது, உம்மாவுக்கு முட்டு வலி, கூட்டிக்கொண்டு அலையாதே என்று அனுப்பியிருந்தார் என் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னாராம். அவர் அழுவதற்குக்கூட அதில் ஒன்றுமில்லையாம். எதிர்வீட்டுக்கும் அதே சேதி. இரண்டு கட்சியும் கூட்டணி சேர்ந்துவிட்டதே, அவ்வளவு மட்டமான படமா என்று நானும் பக்கத்து வீட்டுக்காரியும் சிரித்தோம்.

அந்த வாரம் எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவருடைய காண்ட்ராக்ட் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாரா, ஊருக்கே போகிறாரா என்று கம்பெனி கேட்டிருந்தது. நீ சொல்கிறபடி செய்கிறேன் என்று அதை என் தலையில் கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் நான் பதில் சொல்லவேண்டும்.

பதில் என்னிடம் தயாராகவே இருந்தது. போடுங்கள் என்பதுதான். எங்கள் மொட்டை மாடியில், மேலே இன்னொரு வீடு கட்டுவதற்காக விட்ட தூண் கம்பிகள் பணம் போதாமல் துருவேறி நிற்கின்றன. துணி காயப்போடும்போதெல்லாம் சேலை அதில் மாட்டிக் கிழியும். அதோடு, போனில் பார்த்தால் அவர் கஷ்டப்படுகிற ஆள் மாதிரியே இருக்கமாட்டார். தேய்த்த கட்டம்போட்ட சட்டை. பின்னால் தங்க இலை போட்ட நீலத் திரைச்சீலை. என் பக்கம் மிக்சி ஓடும், அவருடைய உம்மா, என் மாமி, இருமுவார், தெருவில் மீன்காரர் கத்துவார். அவர் பக்கம் ஒரு சத்தம் இருக்காது. தனி ரூம், ஏசி, கொடுத்து வைத்த மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன். அந்தத் திரைச்சீலையைப் போனிலேயே படம் பிடித்து, தென்காசிக் கடையில் காட்டி, அதே மாதிரித் துணி வாங்கி எங்கள் முன்னறையிலும் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் அச்சன்புதூரிலிருந்து சீயக்காய்ப் பொட்டலத்தோடு வந்து இறங்கினாள். நல்ல சாரல். அருவிக்குப் போயே ஆகவேண்டும் என்று நின்றாள். அருவிக்கரையில் நாலு பேர் முன்னால் முக்காட்டை எடுத்து எண்ணெய் தேய்ப்பது மாமிக்குப் பிடிக்காது. அதனால் வீட்டிலேயே மூன்று பேரும் உச்சி குளிர எண்ணெய் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துக் குற்றாலம் போனோம். போனால் கயிறு கட்டிப் போலீஸ் நிற்கிறது. மலையில் கொட்டிய மழையில் மெயின் அருவி செம்மண் நிறத்தில், முன்னால் கட்டியிருக்கும் ஆர்ச்சையே மறைத்துக்கொண்டு இறங்கியது. தூரத்தில் நின்று பார்க்கவே நெஞ்சு படபடத்தது. ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் அதே தடைதான் என்றார்கள். எண்ணெய் வழியும் தலைகளோடு வந்த கூட்டமெல்லாம் சிப்ஸ் கடைகளின் முன்னால் ஒதுங்கி நின்றது.

குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதையாகிவிட்டதே என்று நாத்தனார் புலம்பினாள். வீட்டுக்குப் போய்க் குழாயில் குளிக்கமாட்டாளாம். மாமியாரிடம் கெஞ்சி ஒரு நாளை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், அதைக் குளியலறையில் கழிக்க முடியுமா? சினிமாவுக்குப் போகலாம் என்றாள். அருவியை மூடினால் தென்காசி தியேட்டர்கள் நிரம்பும். பெரிய நடிகரின் படத்துக்கு நாங்கள் போவதற்குள்ளேயே ஹவுஸ்ஃபுல் பலகை வைத்துவிட்டார்கள். இன்னொரு படத்தில் இடம் இருந்தது. போஸ்டரில் முகம் தெரியாத ஒரு நடிகர் கையில் போனை வைத்துக்கொண்டு சிரித்தார். துபாயில் தீர்ப்பு எழுதப்பட்ட அதே படம். சரி, மாமிக்கு உட்கார்ந்து தூங்க ஒரு இடம் கிடைத்ததாக இருக்கட்டும் என்று டிக்கெட் எடுத்தேன். நாற்காலியில் எண்ணெய் படாமல் துண்டை விரித்துச் சாய்ந்துகொண்டோம்.

படம் ஆமை மாதிரிதான் தொடங்கியது. ஒரு கல்யாணம், ஒரு விமான நிலையம், ஒரு பெண் அடுப்படியில் நிற்கிறாள். எனக்குப் பின்னால் யாரோ போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், வெளிநாட்டிலிருந்து அந்தப் பெண்ணின் புருஷன் வீடியோவில் கூப்பிடுகிறான். தேய்த்த சட்டை. பின்னால் ஒரு சிவப்புத் திரைச்சீலை. பிரியாணி சாப்பிட்டேன் என்கிறான். அவள் எதையோ கிண்டிக்கொண்டே, உங்களுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கிறீர்கள் என்கிறாள். தியேட்டரில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நான் அடிக்கடி சொல்கிற வார்த்தை.

அப்போது கேமரா மெதுவாகத் திரும்பியது.

திரைச்சீலை ஓர் ஆள் அகலத்துக்கு மேல் இல்லை. அதைத் தாண்டினால் ஈரடுக்குக் கட்டில்கள், கம்பியெல்லாம் தொங்கும் துணி, பெட்டிகள். கட்டில்களில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் தட்டு, பிசைந்த சோறு விரலிலேயே நிற்கிறது. ஒருவர் இருமல் வெளியே வராமல் துண்டை வாயில் அழுத்திக்கொண்டிருக்கிறார். யாரும் அசையவில்லை. அவன் பொண்டாட்டியோடு பேசி முடிக்கும்வரை அந்த அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் அவன் சட்டையைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுக்கிறான். அவர் அதை மாட்டிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, திரைச்சீலைக்கு முன்னால் போய் நிற்கிறார். இவன் கட்டிலில் உட்கார்ந்து அசையாமல் இருக்கிறான். இப்போது இவன் முறை.

பின்னணி இசைகூட இல்லை. பின்னால் போனில் பேசிக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார். எத்தனையோ படத்தில் மலை உடைந்து விழுவதையும் ஊர் பற்றி எரிவதையும் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். அன்று காலையில் ஆர்ச்சை மறைத்த அருவியையே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒரு சின்ன அறைக்குள் கேமரா திரும்பியதே, அதைப் போல் எதுவும் என்னை உலுக்கியதில்லை. எங்கள் வாசலை மிதிக்காத, இந்தப் படத்தை எடுத்த யாரோ ஒருவருக்கு, என் போனில் எது தெரிகிறது, எது தெரியாமல் இருக்கிறது என்பதெல்லாம் எப்படித் தெரிந்தது? என் வீட்டுக்காரர் பக்கம் சத்தமே இருக்காது என்று பொறாமைப்பட்டேனே, அந்த அமைதியை எத்தனை பேர் சேர்ந்து உண்டாக்கினார்கள் என்று அந்த நாற்காலியில்தான் எனக்கு உறைத்தது. கட்டம்போட்ட சட்டையும் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் போனில் அதே மாதிரிச் சட்டையோடு, அதே மாதிரி நீலத் திரைச்சீலைக்கு முன்னால்தான் வருவார். திரைச்சீலையைக் கம்பெனியே எல்லா ரூமுக்கும் கொடுத்திருக்கும், சட்டையை இருவரும் ஒரே கடையில் எடுத்திருப்பார்கள் என்று அவர் பொண்டாட்டியிடம் கேலி பேசியிருக்கிறேன்.

இடைவேளையில் நாத்தனார் சமோசாவை மறந்துவிட்டாள். மாமி தூங்கவே இல்லை. இரண்டாம் பாதியில் அந்தப் புருஷன் ஊருக்கு வந்துவிடுகிறான். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது மகள் யாரிடமோ போனில் பேசத் தொடங்குகிறாள். அவன் அப்படியே உறைந்துவிடுகிறான். அவள் பேசி முடிக்கும்வரை எடுத்த சோறு கையிலேயே இருக்கிறது. என்ன ஆயிற்று என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அத்தனை பேருக்கும் புரிந்தது. வாய்விட்டு அழுதேன். துக்கத்தில் மட்டுமில்லை. ஒரு படத்தை இவ்வளவு நன்றாகக்கூட எடுக்க முடியுமா என்கிற மலைப்பும் அதில் இருந்தது.

வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. ஆட்டோவுக்கு நிற்கையில் மாமி என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, அவன் பாத்துட்டுல்லா போவாண்டாம்னு சொல்லியிருக்கான்."

எல்லா வீட்டுக்கும் ஒரே தீர்ப்பு வந்தது ஏன் என்று அப்போது விளங்கியது. சண்டைப் பிரியரும் அழுகைப் பிரியரும் ஒரு வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார்கள். எழுந்து வெளியே வரும்போது பேசி முடிவெடுத்திருப்பார்கள்.

தலைக்குக் குளிக்காமலே போனுக்குக் காத்திருந்தோம். சரியான நேரத்துக்குக் கூப்பிட்டார். கட்டம்போட்ட சட்டை, நீலத் திரைச்சீலை, சத்தமில்லாத அறை. என்ன முடிவு பண்ணினாய் என்று கேட்டார்.

"மச்சான், போனைக் கொஞ்சம் திருப்புங்க."

எதற்கு என்றார். அருவியில் தடை போட்டுவிட்டதால் அந்தப் படத்துக்குப் போய்விட்டு வந்தோம் என்றேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுவிட்டது. பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தார். யாரிடமோ அனுமதி கேட்கிற பார்வை. பிறகு போன் மெதுவாகத் திரும்பியது.

நீலத் திரைச்சீலை இரண்டு கட்டில்களுக்கு நடுவில் கயிற்றில் கட்டியிருந்தது. அதைத் தாண்டி ஆட்கள். மடியில் தட்டுகள். பனியனோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் ஒருவர்கூட அசையவில்லை. அவ்வளவு பழகிப்போயிருந்தது. சலாம் சொன்னேன்.

"சாப்பிடுங்க. சத்தம் வந்தா வரட்டும்."

ஒரு கரண்டி தட்டில் பட்டது. யாரோ இருமினார்கள். எங்கேயோ ஒரு குக்கர் விசில் அடித்தது. இத்தனை வருஷத்தில் அவர் பக்கத்திலிருந்து நான் கேட்ட முதல் சத்தம் அதுதான். மாமி போனை வாங்கி, உன் கட்டில் எது என்று மகனிடம் கேட்டார். மேல்கட்டில். ஏணிப்படியில் அவருடைய லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து போனுக்குக் கிட்டே வந்தார்.

"எங்க வீட்ல சொல்லிராதீங்க மைனி."

தலையாட்டினேன். போன் மறுபடி திரும்பி என் வீட்டுக்காரரின் முகத்துக்கு வந்தது. படம் எப்படி இருந்தது என்று கேட்டார். இந்த ஒரு படத்துக்கு மட்டும் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இருக்கவில்லை.

"நல்லா இருந்துச்சு. மாடி கிடக்கட்டும். கையெழுத்துப் போடாதீங்க, வந்துருங்க."

அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அடுத்தவர் காத்திருக்கிறார் என்று புரிந்து, நானே போனை வைத்தேன்.

மறுநாள் காலையில் துணி காயப்போட மாடிக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். நேற்றைக்குப் படத்துக்குப் போனீர்களாமே, சொன்ன மாதிரி மொக்கைதானே என்று சிரித்தாள். வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் வீட்டைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

"நல்ல படம்" என்றேன். "மேட்னிக்கே போ. நானும் கூட வருதேன்."