தூண்டிலுக்கு ஒரு லைசென்ஸ்

கால் போய் வீட்டுக்கு வந்த பிறகு என் கணவரை யாரும் எதற்கும் தடுத்ததில்லை. கடலூர் ஓல்டு டவுனில் ரேஷன் கடை வரிசை அவரைக் கண்டால் தானாக விலகும். பஸ்ஸில் ஏறினால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். மாதா கோயிலில் எல்லோரும் வரிசையில் போய் நற்கருணை வாங்குவார்கள். இவருக்கு மட்டும் ஃபாதர் பெஞ்சுக்கே கொண்டுவந்து கொடுப்பார். இரண்டாயிரத்து நாலில் எல்லையில் கண்ணிவெடி வெடித்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ராணுவம் ஒரு செயற்கைக் கால் கொடுத்து அனுப்பிவைத்தது. நானோ வாய்க்காரி. கல்யாணமான புதிதில் நாங்கள் போட்ட சண்டை தெரு முனை வரைக்கும் கேட்கும். அவர் அந்தக் காலோடு ஆட்டோவை விட்டு இறங்கிய நாளிலிருந்து நான் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சாப்புடுறீங்களா?" என்றால் "சரி" என்பார். "அப்புறமா சாப்புடுறீங்களா?" என்றால் அதற்கும் "சரி." ஜன்னல் வெயில் தரையில் மெதுவாக ஊர்ந்து அவருடைய ஒற்றைப் பாதம் வரை வரும், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போகும். பார்த்துக்கொண்டே இருப்பார். இந்த மனிதர் இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்விடுவாரோ என்று அடுப்படியில் நின்றுகொண்டு பயப்படுவேன்.

ஒருநாள் அவரோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் போன் செய்தார். அந்த நண்பரின் மகன் அமெரிக்காவில் இருக்கிறானாம். அங்கே கை, கால் இழந்த ராணுவத்தினருக்கு வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் தனியாக லைசென்ஸ் உண்டாம். என் கணவர் சாயங்காலம் வரை யோசித்துவிட்டு, "இங்கயும் அப்படி ஒண்ணு வாங்கணும்" என்றார்.

"வேட்டைக்கா?"

"துப்பாக்கிய பாத்த வரைக்கும் போதும். மீனுக்கு."

உப்பனாற்றில் தூண்டில் போடுகிறவனிடம் எவன் லைசென்ஸ் கேட்கிறான் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டேன். லீவு என்றால் பாஸ், கேட்டைத் தாண்டினால் சீட்டு என்று வாழ்ந்தவர். ஒரு காகிதம் இல்லாமல் தண்ணீரில் தூண்டிலை இறக்க மாட்டார். எப்படியோ, மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

மீன்வளத் துறை ஆபீஸில் ஒரு கிளார்க். தங்கமான மனுஷன். எழுந்து வந்து நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். "படகுக்குப் பதிவு இருக்கு, குத்தகைக்கு விடுற ஏரி இருக்கு. தூண்டிலுக்கு எதுக்கு சார் லைசென்ஸ்?" என்றார்.

"ரூல்னு ஒண்ணு இருக்கும்ல?"

"இருந்தா இருந்துட்டுப் போவுது சார். உங்கள யாரு கேக்கப் போறாங்க? எங்க வேணா போயி உக்காருங்க."

வாசல் வரை வந்து வழியனுப்பினார். ஆட்டோவில் வரும்போது என் கணவர் சொன்னார்: "வேணாம்னு சொல்றதுக்குக்கூட எனக்கு ஆள் இல்ல, பாத்தியா?"

"மரியாதையாத்தானே சொன்னாரு?"

"அதத்தான் சொல்றேன்" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

மறுபடியும் நாற்காலி, ஜன்னல், வெயில். பத்து நாள் பொறுத்தேன். பிறகு துணிந்து ஒரு பொய் சொன்னேன். சிதம்பரம் தாண்டிக் கிள்ளையில் என் தம்பிக்கு ஒரு சின்னப் படகு உண்டு. அவனுடைய மீனவர் அட்டை இருந்தால், கூட வருகிறவர்களுக்கும் அதுவே அனுமதி என்றேன். என்னை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

அந்தக் காலைப்பொழுது இப்போதும் எனக்கு விழித்துக்கொண்டே கண்ட கனவு மாதிரிதான் இருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று செயற்கைக் காலைக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பலகைக்கு அடியில் வைத்தார். மடியிலிருந்து கீழே லுங்கியைப் பரப்பிக்கொண்டார். தம்பி கழியை ஊன்றித் தள்ளத் தள்ள, பிச்சாவரத்துச் சுரபுன்னைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. கிளைகள் மேலே கூடிவிட்டதால் வெயில் பச்சையாக விழுந்தது. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. படகு நின்ற பிறகும் மரங்கள் மெல்ல நகர்வதுபோல் இருந்தது. ஒரு தட்டான் தூண்டில் கம்பின் நுனியில் வந்து உட்கார்ந்தது. அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அதையே பார்த்தார். நான் கண்ணை மூடினேன். வேர்களுக்கிடையில் தண்ணீர் நுழைந்து திரும்பும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. கால் மணி நேரம் போயிருக்கலாம், இரண்டு மணி நேரமும் போயிருக்கலாம். இடையில் ஒரு கெளுத்திக் குஞ்சு மாட்டியது. பதமாகக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டார்.

"யோவ்! யாரக் கேட்டு உள்ள வந்த?"

கண்ணைத் திறந்தால் எதிரே இன்னொரு படகில் காக்கிச் சட்டையோடு காட்டிலாகா வாட்சர். தடியால் எங்கள் படகைத் தட்டினான். "காப்புக்காடுன்னு போர்டு வெச்சிருக்குல்ல? பர்மிஷன் இருக்கா?"

தம்பி அவசரமாகக் கழியை ஊன்றிப் படகைத் திருப்பப் பார்த்தான். வாட்சர் என் கணவரிடம் திரும்பிக் கத்தினான்: "ஒன்னத்தான் கேக்குறேன். படிச்ச ஆளு மாதிரி இருக்க, அறிவு வேணாம்? எடுய்யா தூண்டில!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லுங்கியை விலக்கி அந்தக் காலைக் காட்டினால் போதும், இவன் கையெடுத்துக் கும்பிடுவான். "சார், இவுரு மிலிட்டரி..." என்று தொடங்கி லுங்கியின் ஓரத்தைப் பிடித்தேன். என் கணவர் என் மணிக்கட்டைப் பற்றினார். வளையல் அழுந்திக் கை கன்றிப்போகிற மாதிரி அப்படி ஒரு பிடி.

"பர்மிஷன் இல்லீங்க சார். தப்புதான்" என்றார். அந்தப் பழைய குரலை நான் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"இன்னொரு வாட்டி பாத்தேன், படகோட புடிச்சி வெச்சிருவேன். போ, போ!"

"சரிங்க சார்." நிதானமாகத் தூண்டில் நரம்பைச் சுற்றினார்.

வாட்சரின் படகு மறைந்ததும் தம்பி புலம்பினான். "ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா விட்டிருப்பான், மாமா."

"அதாலதான், மச்சான், சொல்லல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். படகு ஆடும்படி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எல்லாரையும் போல அவரையும் ஒருவன் திட்டியிருக்கிறான். மூன்று வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு, பொத்திப் பொத்தி வைத்து நான் செய்ய முடியாததை அந்த மனிதன் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவன்மேல் பொறாமையாகவும் இருந்தது.

கரை வந்ததும் படகிலேயே காலை மாட்டிக்கொண்டு எழுந்தார். தாங்கிப் பிடிக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"என்ன, விடிய விடிய எறங்குவீங்களா? சிதம்பரம் பஸ்ஸு போயிடப் போவுது, வாங்க சீக்கிரம்!" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.