சுவரில் ஏறிய ஹெல்மெட்

எங்கள் ஹொக்கிக் கழகத்தில் ஒருவரைப் பெரிய வீரர் என்று சொல்ல, "அவர் சுவரில ஏறினவர்" என்றால் போதும். வாவிக்கரை மைதானத்தை ஒட்டிய கழக அறையின் கிழக்குச் சுவர்தான் எங்களுடைய புகழ் மண்டபம். விளையாட்டை விட்டவர்களில் ஒருவருடைய படம், தைப்பொங்கல் கழிந்து வரும் ஆண்டுக் கூட்டத்தில் அங்கே மாட்டப்படும்.

நான் நன்றாக விளையாடியவன் அல்ல. என்னிடம் பந்து நிற்காது, திகதிதான் நிற்கும். எந்தப் போட்டி எந்த மாதம், அன்று மழையா வெயிலா என்று கேட்டால் சொல்வேன். அதற்காகவே தெரிவுக் குழுவில் எனக்கும் ஒரு கதிரை.

இந்த வருடம் என் நண்பன் ஒருவனை முன்மொழிந்தேன். கரடியனாற்றில் வயல் செய்கிறவன். எங்களுக்கு நெடுங்காலம் கோல் காத்தவன். விளையாட்டை விட்டபின் ஒவ்வொரு தையிலும் புதுச் சேட் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வருவான். வேறு யாரோ சுவரில் ஏறுவதற்குக் கைதட்டிவிட்டுப் போவான்.

"முதல் வருசம் புதுமுகக் கோப்பை எடுத்தவனுக்குத்தான் மச்சான் சுவர்," என்பான். புதிதாகச் சேர்ந்தவர்களில் சிறந்தவருக்குக் கொடுக்கும் கோப்பை அது. "கோல் அடிக்கிறவன் முதல் நாளே தெரிவான். நான் முதல் வருசம் கோல் வாங்கித்தானே பழகினன்?"

வெறும் புலம்பல் என்றுதான் நினைத்தேன். கனடாவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகனிடம் ஃபோனில் சொன்னபோது அவர் சிரித்தார். "இஞ்ச ஐஸ் ஹொக்கியிலயும் இந்தக் கதைதான். முதல் வருசம் எடுத்த பேர் கடைசி மட்டும் கூட வரும் எண்டுறாங்க. ஆனா விருது எடுத்துப்போட்டுக் காணாமல் போனவங்களும் இருக்காங்க."

எங்கள் கழகத்தில் காணாமல் போனவர்களும் சுவரில் இருந்தார்கள். அதுதான் எனக்கு உறைத்தது.

குழு கூடிய மாலையில் தலைவர் நண்பனையும் அவன் மனைவியையும் வரச்சொல்லியிருந்தார். "தம்பியிட விளையாட்டைப் பற்றி ரெண்டு கதையில்லை," என்றார். "விளையாடின காலத்துப் படம் ஒண்டு வேணும். கிடக்கா?"

நண்பன் ஒரேயொரு படத்தை நீட்டினான். மாரிச் சேற்றில் பாய்ந்து பந்தை மறிக்கிறான். தலையில் ஹெல்மெட். முகம் கொஞ்சமும் தெரியவில்லை.

"இது ஆர் எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றார் தலைவர்.

"என்ன அண்ணன், அந்தக் கோலுக்குள்ள வேற ஆர் நிண்டது?" என்றான் நண்பன்.

"ஹெல்மெட்டை மாட்டி, கீழ உங்கட பேரை எழுதினா ஊர் சிரிக்கும்."

நண்பன் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அவனைப் பார்க்க முடியாமல் நான் சுவரைப் பார்த்தேன். எத்தனையோ தரம் பார்த்த சுவர். அன்றுதான் கண்ணில் பட்டது: ஏறக்குறைய எல்லாப் படத்திலும் அதே நீர்வீழ்ச்சித் திரை, அதே கோப்பை, மீசை அரும்பாத முகங்கள். புதுமுகக் கோப்பை எடுத்தவரை அன்றைக்கே ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுப்பது எங்கள் வழக்கம். மற்றவர்களை யாரும் எடுத்ததில்லை. வருடக் கடைசியில் ஆள் தேடும்போது, படம் தயாராக இருப்பவரே சுவரில் ஏறிவிடுகிறார்.

அதைச் சொன்னேன். எல்லோரும் எழும்பி வந்து சுவரைப் பார்த்தார்கள். ஒருவர், கீழே பெயர் மங்கிப்போன ஒரு படத்தை நோக்கி விரலை நீட்டி, "இந்தச் சுருட்டைமுடிப் பொடியன் ஆர்?" என்றார்.

தலைவர் தன் வழுக்கையைத் தடவினார். "அது நான்தான்கா."

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அதற்குள் நண்பனின் மனைவி படத்தை வாங்கிப் பார்த்தார். "இது இவர்தான். இடது கால்காப்பிட வாரைப் பாருங்க, அவிண்டு தொங்குது. இண்டைக்கும் செருப்பு வாரைப் பூட்டாமத்தான் வந்திருக்கார்."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். உண்மைதான்.

"மாட்டுங்க," என்றார் தலைவர். "இனிக் கோப்பை எடுத்தவரை மட்டுமில்லை, முழு அணியையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போவம்."

மாட்டுவதற்கு முன் படத்தின் பின்புறம் அந்தப் போட்டியின் திகதியை எழுதினேன். அன்று நல்ல மழை. கூட்டத்தன்று நண்பன் பழைய சேட்டோடு வந்தான். கேட்டதற்கு, "இனி என்னத்துக்குப் புதுசு மச்சான்? ஏறியாச்சே," என்றான்.